ராஜா பிறந்தநாள் லீவில் அப்பாவுக்கு எழுதியது

மெல்பர்ன்,
ஜூன் 2025

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம். நலமறிய ஆவல். உங்கள் கடிதத்தைச் சின்ன மாமா பையன் கொண்டுவந்து கொடுத்தான். “1950-லேயே நாம் பிரிட்டிஷ் ராஜாவைத் தலைமுழுகிவிட்டோம், ஆஸ்திரேலியாவில் இன்னும் ஏன் அவரை நாட்டுத் தலைவராகச் சுமக்கிறார்கள்?” என்று கேட்டிருந்தீர்கள். நானும் இங்கே எல்லோரிடமும் அதையேதான் கேட்கிறேன்.

குளிர் வந்துவிட்டது. காலையில் ஐந்தாறு டிகிரிதான். தேங்காய் எண்ணெய் பாட்டிலை வெந்நீரில் வைத்தால்தான் இளகுகிறது. ஹீட்டர் இருக்கிறது, ராத்திரியில் போடுவதில்லை. தொண்டை வறண்டுவிடும். கம்பளியே போதும் என்று அம்மாவிடம் சொல்லுங்கள்.

பக்கத்து வீட்டு ஸ்காட்லாந்துத் தாத்தா இப்போதும் வேலிமேல் ஒரு பை எலுமிச்சை வைத்துவிட்டுப் போகிறார். தோல் தடிமன், சாறு கம்மி. உப்பில் ஊறப்போட்டு, நல்லெண்ணெயில் வெந்தயப்பொடியும் பெருங்காயமும் சேர்த்துத் தாளித்து ஒரு பாட்டில் கொடுத்தேன். ரொட்டியில் வெண்ணெய் தடவி அதன்மேல் ஊறுகாயைப் பூசிச் சாப்பிடுகிறார்! 1960-களில் பத்துப் பவுண்டு கொடுத்துக் கப்பலேறி வந்தவர். இன்றுவரை குடியுரிமை வாங்கவில்லை, ஆனால் ஓட்டு உண்டு. 1984 ஜனவரி 26-க்கு முன்பே வாக்காளர் பட்டியலில் இருந்த பிரிட்டிஷ்காரர்களுக்கு அந்தச் சலுகை.

போன திங்கள் ராஜா பிறந்தநாள் லீவு. சார்லஸ் பிறந்தது நவம்பர் 14, நம் நேரு பிறந்த தேதி. இங்கே லீவு ஜூன் இரண்டாவது திங்கள். அன்று வேலைக்குப் போனால் கூடுதல் சம்பளம் என்பதால் போய்விட்டேன். வீட்டில் தனியே உட்கார்ந்து என்ன செய்வது? சாயங்காலம் தாத்தா வேலியோரம் பிடித்துக்கொண்டார். குடியரசானால் காமன்வெல்த் விளையாட்டுப் போட்டியில் சேர்த்துக்கொள்ள மாட்டார்களாம். அடுத்த வருஷம் போட்டி அவர் ஊரான கிளாஸ்கோவில், அந்தக் கவலை. நீங்கள் வகுப்பில் சொன்னதைத்தான் அவருக்குச் சொன்னேன்: குடியரசாகவும் இருப்போம், காமன்வெல்த்திலும் இருப்போம் என்று 1949-ல் லண்டனில் ஒப்புக்கொள்ள வைத்தது இந்தியா. 2010-ல் டெல்லியிலேயே போட்டி நடந்தது. அதை அவருக்கு யாரும் சொன்னதில்லை போல, கொஞ்ச நேரம் பேசவே இல்லை.

குடியரசாகலாமா என்று இங்கே 1999 நவம்பர் 6-ல் ஓட்டெடுப்பு வைத்தார்கள். நூற்றுக்கு 55 பேர் வேண்டாம் என்றார்கள். ஆறு மாநிலங்களில் ஒன்றுகூட ஆதரிக்கவில்லை. ராஜபக்தி மட்டும் காரணமில்லை அப்பா. நாடாளுமன்றத்தில் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவோடு ஜனாதிபதியை நியமிப்பது என்று திட்டம் போட்டிருந்தார்கள். மக்களே நேராகத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று நினைத்த குடியரசுக்காரர்கள் பலர் எதிராகப் போட்டுவிட்டார்கள். 2023-ல் பூர்வகுடிகளுக்கு ஓர் ஆலோசனைக் குழு அமைப்பதற்கான ஓட்டெடுப்பும் தோற்றபின் இந்தப் பேச்சை எடுக்கவே அரசாங்கம் தயங்குகிறது.

எனக்கு மனசு ஆறாதது 1975 நவம்பர் 11. மேலவை பட்ஜெட்டை முடக்கியிருந்தது. கீழவையில் பெரும்பான்மையோடு இருந்த பிரதமர் கஃப் விட்லமை, ராணியின் பிரதிநிதியான கவர்னர் ஜெனரல் ஜான் கெர் ஒரு கடிதத்தைக் கொடுத்துப் பதவிநீக்கம் செய்தார். அதே வருஷம் நம் ஜனாதிபதி கையெழுத்துப் போட்டுத்தானே எமர்ஜென்சி வந்தது என்பீர்கள். சரிதான். ஆனால் அமைச்சரவை எழுத்தில் சொன்னால்தான் அவசரநிலை அறிவிக்கலாம் என்று 1978-ல் 44-வது திருத்தத்தில் நாம் எழுதிவைத்தோமே! கவர்னர் ஜெனரல் எந்த நிலையில் பிரதமரை நீக்கலாம் என்பது இங்கே இன்றுவரை சட்டத்தில் இல்லை. அதையும் எழுதி, இந்த ஊர்க்காரர் ஒருவரைத் தலைவராக உட்காரவைத்தால்தான் அது குடியரசு. நாணயத்தில் முகத்தை மாற்றினால் போதாது.

அடுத்த மாதம் எனக்குக் குடியுரிமை விழா. ராஜா பெயரில் சத்தியம் செய்வேனோ என்று பயந்தீர்களே, இல்லை. 1994-லேயே எடுத்துவிட்டார்கள். ஆஸ்திரேலியாவுக்கும் அதன் மக்களுக்கும்தான் உறுதிமொழி. கனடாவில் பெரியப்பா மகள் ராணி பெயரைச் சொல்லித்தான் வாங்கினாள். மறுபடி ஓட்டெடுப்பு வந்தால் என் ஓட்டு குடியரசுக்குத்தான்.

இந்தியப் பாஸ்போர்ட்டை ஒப்படைக்க வேண்டும். அம்மாவிடம் நீங்களே மெதுவாகச் சொல்லுங்கள், என்னால் முடியவில்லை. ஜனவரி 26 வந்தால் உங்கள் பள்ளிக்கூடத்துக் கொடிமரமும் ஆரஞ்சு மிட்டாயும்தான் நினைவு வருகின்றன. இங்கே அது 1788-ல் கப்பல்கள் சிட்னியில் வந்து இறங்கிய நாள். பூர்வகுடிகள் பலருக்குத் துக்க நாள். அன்று எனக்கு எங்குமே ஒட்டவில்லை. நம் திண்ணையில் உங்கள் பக்கத்தில் உட்கார்ந்தால் போதும் என்றிருந்தது.

சரி, வீட்டு விஷயம். அக்கா வளையலை ஆவணிக்குள் மீட்டுவிடலாம், இந்த மாதம் கொஞ்சம் பொறுக்கச் சொல்லுங்கள். கிணற்று மோட்டாருக்குக் காயில் கட்டினால் போதும், புதிது வேண்டாம். மேலக்காட்டுப் பாகப்பிரிவினைக்கு அவசரம் இல்லை. வில்லங்கம் போட்டுப் பார்க்காமல் சித்தப்பா நீட்டும் பத்திரத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். சின்ன மாமாவைக் கூட அழைத்துக்கொண்டு போங்கள்.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மகன்