சாணி கரைத்து எங்கள் வழியை அழித்த ஆயாவுக்கு

அன்புள்ள ஆயா,

போன மார்கழியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை விடிகாலை, ராயக்கோட்டைப் பக்கம் உங்கள் ஊர் முச்சந்தியில் கோலமாவால் பெரிய வட்டம் போட்டுவிட்டுப் போனவன் நான்தான். யாரோ கழிப்பு கழித்துவிட்டுப் போயிருக்கிறார்கள் என்று நினைத்து ஒரு குடம் சாணித் தண்ணீரை அதன்மேல் ஊற்றி, விளக்கமாறு தேயத் தேயக் கூட்டி, அதோடு விடாமல் தெருமுனை வரைக்கும் இருந்த அம்புக்குறிகளையும் அழித்துவிட்டீர்கள். அரைமணி நேரம் கழித்து பதினாலு பேர் மூச்சிரைக்க வந்து மாவைத் தேடினார்கள். இவ்வளவு நேரமாகியும் ஒருத்தரையும் காணோமே என்று நான் திரும்பி வந்தபோது நீங்கள் திட்டிய திட்டுக்கு எனக்குப் பதில் வரவில்லை. உங்கள் பேரன் அன்றைக்கு என் வாட்ஸ்அப் எண்ணை வாங்கிக்கொண்டான், அவன் படித்துக் காட்டுவான் என்று நம்பி எழுதுகிறேன்.

"ஏம்ப்பா, படிச்ச பசங்க, ரோட்டுல மாவைக் கொட்டிட்டு அது பின்னாடியே ஓடறீங்களே" என்று கேட்டீர்கள். உண்மையில் அதுதான் விளையாட்டே. ஒருத்தன் முயல். அவன் முன்னால் போய் வழி நெடுக மாவைத் தூவிக்கொண்டு போவான். மற்றவர்கள் வேட்டைநாய்கள் மாதிரி அதைப் பிடித்துக்கொண்டு பின்னால் வருவார்கள். ராகி மாவு உங்கள் ஊர் செம்மண்ணில் தெரியவே தெரியாது, கோதுமை மாவு பனியில் கூழாகிவிடும், மிச்சத்தை எறும்பு தின்னும். அதனால்தான் கோலமாவு.

அந்த வட்டத்துக்கு அர்த்தம், வழி இங்கே அறுந்துவிட்டது, நாலா பக்கமும் தேடிக் கண்டுபிடி என்பது. வேகமாக ஓடுகிறவன் முதலில் வந்து தப்பான பக்கம் போவான், இது வழி இல்லை என்று காட்டும் குறுக்குக்கோட்டைப் பார்த்துத் திரும்புவான், அதற்குள் பின்தங்கியவர்களும் வந்து சேர்ந்துவிடுவார்கள். சரியான வழியைப் பார்த்தவர் "ஆன் ஆன்" என்று கத்த வேண்டும், அந்தச் சத்தத்தில்தான் உங்கள் நாய் குரைத்தது. யாரும் ஜெயிப்பதில்லை. எங்கள் கூட்டத்தில் ரிட்டயர்டு வாத்தியார் ஒருவர் முழங்கால் வலியோடு வருகிறார், இருபத்திரண்டு வயசுப் பையனும் வருகிறான், இரண்டு பேரும் கிட்டத்தட்ட ஒன்றாகத்தான் முடிப்பார்கள். கையில் கடிகாரம் கட்டி கிலோமீட்டருக்கு எத்தனை நிமிஷம் என்று எண்ணிக்கொண்டு ஓடுவது எனக்கு அலுத்துப் போனபோது இதுதான் காப்பாற்றியது.

இது எங்கள் மூளையில் உதித்ததும் இல்லை. 1938-ல் கோலாலம்பூரில், கிஸ்பர்ட் என்ற கணக்காளரும் அவர் கூட்டாளிகளும் ஆரம்பித்தது. அவர்கள் சாப்பிட்ட மெஸ்ஸில் சாப்பாடு சப்பென்று இருந்ததால் அதற்கு ஹாஷ் ஹவுஸ் (மட்டமான சாப்பாட்டுக்கடை) என்று பட்டப்பெயர், அதையே ஓட்டக் கூட்டத்துக்கும் வைத்துக்கொண்டார்கள். கிஸ்பர்ட் 1942-ல் சிங்கப்பூர்ச் சண்டையில் செத்துப்போனார். யுத்தம் முடிந்த பிறகு மிச்சம் இருந்தவர்கள் மறுபடி ஓடினார்கள். 1950-ல் சங்கமாகப் பதிவு செய்தபோது, வாரக்கடைசிக் குடிமயக்கத்தை ஓடிப் போக்குவது, ஓடி நல்ல தாகம் உண்டாக்கி அதைப் பீரால் தீர்ப்பது என்று நோக்கங்களைக் கூச்சமே இல்லாமல் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். (எங்களுக்கு மோரும் ராகிக் கூழும்தான். நம்புங்கள்.) அவர்கள் ஓடியது ரப்பர் தோட்டங்களில். அங்கே பால் வெட்டியவர்களில் நம் தமிழ் ஆட்கள் எத்தனையோ பேர். தோட்டத்துக்குள் காகிதத்தைத் தூவிக்கொண்டு ஓடும் துரைமார்களைப் பார்த்து, உங்களை மாதிரி ஒரு ஆயா அங்கேயும் விளக்கமாறைத் தூக்கியிருப்பார் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

மாவைப் பார்த்துப் பயந்தது நீங்கள் மட்டுமில்லை. 2007-ல் அமெரிக்காவில் நியூ ஹேவன் என்ற ஊரில், ஒரு பெரிய கடையின் பார்க்கிங்கில் இப்படி மாவு தூவி வைத்ததை விஷப்பொடி என்று நினைத்து, கடையையே காலி செய்து, தூவியவர்கள்மேல் வழக்கும் போட்டார்கள். நான் சாணித் தண்ணீரோடு தப்பித்தேன்.

ஆனால் வேடியப்பன் விஷயத்துக்கு என்னிடம் சமாதானம் இல்லை ஆயா. புளியமரத்தடியில் இருப்பது நடுகல் என்று எனக்குத் தெரியும். ஊருக்காகச் செத்த வீரனுக்கு நட்ட கல்லை நம் தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் வேடியப்பனாகக் கும்பிடுகிறோம் என்பதும் தெரியும். தெரிந்தேதான் அந்த மேடையில் அம்பு போட்டேன். நன்றாகக் கண்ணில் படும் இடம் என்ற ஒரே காரணம். வட்டத்தைப் பற்றிக் கேட்டபோது உங்கள் குரல் உரக்க இருந்தது, இதைக் கேட்டபோது இறங்கிவிட்டது. அதுதான் உறுத்திக்கொண்டே இருக்கிறது. அன்றைக்கு "தெரியாமப் போட்டுட்டேன்" என்றேன், அது பொய். மன்னித்துவிடுங்கள்.

ரோட்டில் பரப்பியிருந்த ராகிக் கதிர்மேல் நாங்கள் ஓடியதற்கு மட்டும் நீங்கள் ஒன்றும் சொல்லவில்லை, போரடிக்கிற வேலை மிச்சம் என்று சிரித்தீர்கள்.

மாங்காய் சீசனுக்கு முன்னால் இன்னொரு ஓட்டம் உங்கள் பக்கம் இருக்கிறது. இந்தத் தடவை முந்தின நாள் சாயங்காலமே வந்து எங்கெங்கே மாவு போடப்போகிறேன் என்று காட்டிவிடுகிறேன், வேண்டாம் என்கிற இடத்தில் போடமாட்டேன். அப்புறம் ஒன்று. அன்றைக்கு வழி கேட்டவர்களை வேண்டுமென்றே ஏரிக்கரைப் பக்கம் கைகாட்டி அனுப்பி, இரண்டு கிலோமீட்டர் வீணாக ஓட விட்டீர்களாமே, பேரன் சொன்னான். இந்த முறையும் யாராவது வந்து கேட்டால் அப்படியே செய்யுங்கள்.

இப்படிக்கு,
முயல்