ரிம்மின்ஸ் பெட்டையின் இரண்டாவது அல்பம்

அன்பின் குலம்,

உன் கடிதம் போன கிழமை கிடைத்தது. அக்காவின் கண் ஒப்பரேசன் நல்லபடியாக முடிந்தது என்று வாசித்த பிறகுதான் மனம் ஆறியது. இங்கே நாங்கள் சுகம். சின்னவன் வேலை கிடைத்து வின்சருக்குப் போய்விட்டான். இவள் இன்னும் அவனுக்கும் சேர்த்துத்தான் சோறு போடுகிறாள். மிச்சத்தை நான் சாப்பிட்டு நான் கொழுக்கிறேன்.

சரி, நீ கிளப்பிய சண்டைக்கு வருகிறேன். மகள் போட்ட, இங்கே வட ஒன்ராறியோவின் ரிம்மின்ஸில் வளர்ந்த கனடாப் பாடகி ஷனையா ருவெய்னின் அல்பத்தைக் கேட்டுவிட்டு, ‘இது கன்ட்ரி இல்லை மச்சான், புருஷன்காரன் செய்து கொடுத்த றொக், வயிற்றைக் காட்டி விற்றது. கன்ட்ரி என்றால் ஜிம் ரீவ்ஸ்தான்’ என்று எழுதியிருக்கிறாய். ‘த வுமன் இன் மீ’ 1995 பெப்ரவரியில் வந்தபோது, அமெரிக்க நாட்டுப்புறப் பாட்டான இந்தக் கன்ட்ரியின் தலைநகர் நாஷ்வில்லில் கன பேர் சொன்னதும் இதுதான். நீ முப்பது வருசம் பிந்திவிட்டாய், அவ்வளவுதான்.

அது அவளுடைய இரண்டாவது அல்பம். முதலாவது 1993இல் வந்தது, அவளின் பெயரிலேயே. யாரும் கவனிக்கவில்லை. அதிலிருந்து வெளிவிட்ட முதல் இரண்டு பாட்டும் கன்ட்ரி வரிசையில் 55ஐத் தாண்டி மேலே ஏறவில்லை. குரல் அப்போதும் இதே குரல்தான். ஆனால் கையில் கொடுத்ததெல்லாம் ஊரார் எழுதிய பாட்டு. முழு அல்பத்திலும் அவளின் பெயர் ஒரேயொரு பாட்டில், அதுவும் இன்னொருவரோடு சேர்த்து. பை நிறையத் தன் பாட்டுகளோடு வந்தவளுக்கு அது எப்படி இருந்திருக்கும்!

அதைக் கேட்டுவிட்டுத்தான் றொக் அல்பத் தயாரிப்பாளன் மற் லாங் அவளைத் தேடி வந்தான். ஏசி/டிசியின் ‘பாக் இன் பிளாக்’, டெஃப் லெப்பர்ட், நீ தேய்ந்து போகும்வரை கேட்ட பிறயன் அடம்ஸ் கசெற் எல்லாம் அவன் கைவேலைதான். 1993 முடிவதற்குள் கலியாணமும் நடந்துவிட்டது. அவன் அவளிடம் கேட்டது, நீ எழுதி வைத்திருப்பதைப் பாடு என்பதுதான். இரண்டாவது அல்பத்தில் பன்னிரண்டு பாட்டு. பெரும்பாலானவை இருவரும் சேர்ந்து எழுதியவை. ‘யூ வின் மை லவ்’ அவன் தனியே எழுதியது. ‘லீவிங் இஸ் த ஒன்லி வே அவுட்’ அவள் தனியே எழுதியது. அந்த இரண்டையும் அடுத்தடுத்துப் போட்டுக் கேட்டுப் பார். எது யாருடையது என்று நான் சொல்லாமலே தெரியும். அவனுடையது கார் ஓட்டம். அவளுடையது, விடிய எழும்பி சூட்கேஸ் அடுக்குகிற பொம்பிளையின் குரல்.

முழுக்கத் தங்கம் என்று நான் சொல்லவில்லை. நடுவில் ‘ரெயினிங் ஒன் அவர் லவ்’ மாதிரி இரண்டொன்று இழுபடும். சிலதில் மெருகு கூடிப்போய்க் கண்ணாடி போல் வழுக்கும். ஆனால் ‘எனி மான் ஒஃப் மைன்’ கேள். அடியில் மைதானத்தில் சனம் காலால் உதைக்கிற மாதிரி றொக் தாளம், அதற்கு மேலே நாட்டுப்புற வயலின், முடிவில் கொட்டகை நடனத்துக்கு ஆட்களை ஏவுகிற மாதிரி அவள் கடகடவென்று சொல்லிக்கொண்டு போவாள். அதற்கு முதல் விட்ட பாட்டு 11இல் நின்றுவிட்டது. இது முதலாம் இடத்துக்கே போனது, அவளுக்கு அதுதான் முதல் தடவை. அதே அல்பத்திலிருந்து பிறகு இன்னும் மூன்று முதலிடம்.

நாஷ்வில் பொறுமியதற்கு இன்னொரு காரணமும் இருந்தது: அவள் ஊர் ஊராகப் போய்க் கச்சேரி வைக்கவில்லை. கன்ட்ரிக்காரருக்கு அது மகா குற்றம். பஸ்ஸில் படுத்து, சந்தைத் திருவிழாவில் பாடி வந்தவன்தான் ஆள். மேடையில் பாடத் தெரியாது, எல்லாம் ஸ்ரூடியோ வித்தை என்று கதை கட்டினார்கள். ஒரு முழு மேடைக்குப் போதிய என் சொந்தப் பாட்டு சேரட்டும் என்று அவள் இருந்துவிட்டாள். 1996இல் சிறந்த கன்ட்ரி அல்பத்துக்கான கிறம்மி, அமெரிக்காவின் பெரிய இசை விருது, கிடைத்தது. (அதே இரவு ஆண்டின் சிறந்த அல்பம் என்ற பெரிய பரிசைத் தூக்கியது ஒட்டாவா பெட்டை அலானிஸ் மொறிசெற். ஒன்ராறியோவுக்கு நல்ல இரவு!) அமெரிக்காவில் மட்டும் விற்பனை 1 கோடியே 20 லட்சத்துக்குக் கணக்கெழுதியிருக்கிறார்கள். கடைசியில் 1998 மே மாதம் சுற்றுப்பயணம் தொடங்கியபோது முதல் மேடை நாஷ்வில்லும் இல்லை, நியூயோர்க்கும் இல்லை. வட ஒன்ராறியோவின் சட்பரி.

இனி உன் ஜிம் ரீவ்ஸ். இலங்கை வானொலியில் அவரைக் கேட்டு நாங்கள் உருகினது உண்மை, இன்றைக்கும் உருகுவேன். ஆனால் அவரும் அவரின் பாட்டுகளைத் தயாரித்த செற் அற்கின்ஸும் அந்த நாளில் செய்தது என்ன? நாட்டுப்புற வயலினையும் ஸ்டீல் கிற்றாரையும் ஓரங்கட்டிவிட்டு, பட்டணத்து வயலின் கூட்டத்தையும் பின்பாட்டுக் குழுவையும் கொண்டுவந்து வைத்தார்கள். இது கன்ட்ரியே இல்லை என்று அன்றைய பழசுகள் கத்தின. ஷனையாவின் இந்த அல்பத்தில் ஸ்டீல் கிற்றார் அழுகிற அழுகை, உன் ஆளின் பெரிய பாட்டுகளில் தேடினாலும் கிடைக்காது. கணக்குப் பார்த்தால் எவர் கன்ட்ரி, எவர் பொப்?

லொறி ஓட்டின காலத்தில் நான் பதினொன்றாம் நெடுஞ்சாலையால் அவளின் ஊர்ப் பக்கம் போய் வந்திருக்கிறேன். நோர்த் பே தாண்டினால் றேடியோவில் ஒரு கன்ட்ரி நிலையமும் இரைச்சலும்தான். இரண்டு பக்கமும் ஊசியிலை மரம், எதிரில் மரக்குற்றி ஏற்றிய லொறிகள். எட்டு வயதில் ரிம்மின்ஸ் மதுக்கடைகளில், சாராயம் ஊற்றுவதை நிறுத்திய பிறகு அவளை மேடையேற்றிப் பாட வைப்பார்களாம். கோடையில் மாற்றுத் தகப்பனோடு காட்டில் மரக்கன்று நடுவாள். 1987இல் தாயும் அந்தத் தகப்பனும் போன கார் அப்படியொரு மரக்குற்றி லொறியோடுதான் மோதியது. இருவரும் அந்த இடத்திலேயே முடிந்தார்கள். இவளுக்கு 22 வயது. தம்பிமாரையும் தங்கையையும் வளர்க்க ஹன்ற்ஸ்வில்லில் ஒரு உல்லாச விடுதியில் பாடப் போனாள்.

அல்பத்தின் கடைசிப் பாட்டு ‘கோட் பிளெஸ் த சைல்ட்’ அந்த நாட்களில் தனக்குத் தானே முணுமுணுத்த தாலாட்டிலிருந்து வந்தது. வாத்தியம் ஒன்றும் இல்லை. இரண்டு நிமிடம்கூட வராது. அது வாயில் வந்த நேரம் மற் லாங் யார் என்றே அவளுக்குத் தெரியாது. புருஷன்காரன் செய்து கொடுத்தது என்கிறாயே, இதையும் அவனா செய்து கொடுத்தான்?

ரிம்மின்ஸில் அவளின் பெயரில் 2001இல் ஒரு காட்சியகம் திறந்தார்கள். ஆட்கள் வரத்துப் போதாமல் 2013இல் மூடி, தங்கச் சுரங்கக் கம்பனிக்கு விற்று, இடித்தே விட்டார்கள். ஊர்ச் சனம் பெரிதாகக் கவலைப்பட்ட மாதிரித் தெரியவில்லை. அங்கே சோறு போடுவது சுரங்கம்தானே.

மகளிடம் சொல்லி அந்தக் கடைசிப் பாட்டைப் போடச் சொல். கேட்டுவிட்டுப் பிறகு திட்டு. புரட்டாதியில் வர ரிக்கற் பார்க்கிறேன். அக்காவுக்கு இங்கிருந்து என்ன மருந்து வேண்டுமென்று கேட்டு எழுது. போன முறை மாதிரி நான் விமான நிலையத்தில் நிற்கும்போது போன் எடுத்துப் பட்டியல் வாசிக்காதே.

அன்புடன்,
ராசன்