உயிரியல் பாடநூல் குழுவுக்கு: அந்த இரண்டு பாடங்களையும் சேர்த்துவிடுங்கள்

மதிப்பிற்குரிய பாடநூல் குழுவினருக்கு,

வணக்கம். உங்கள் நூலில் மனிதருக்கு வரும் தொற்றுநோய்கள் ஒரு பாடம், தாவர நோய்கள் வேறொரு பாடம். நடுவே நூறு பக்கம். பின்னது தேர்வு நெருங்கும் நேரத்தில்தான் வரும் என்பதால், நானும் ஆண்டுக்கணக்காக அதை ஒரே வகுப்பில் ஓட்டி முடித்தவள்தான். போன ஆண்டு ஒரு மாணவன் எழுந்து, "செடிக்கு நோய் வந்தா நமக்கென்ன டீச்சர்?" என்றான். "விளைச்சல் குறையும், விலை ஏறும்" என்றேன். புத்தகத்தில் அவ்வளவுதான் இருந்தது.

நான் சொல்லியிருக்க வேண்டியது அயர்லாந்தை. 1845இல் அங்கே உருளைக்கிழங்கில் கருகல் நோய் விழுந்தது. பூஞ்சை போலத் தோன்றும், ஆனால் பூஞ்சை அல்லாத ஒரு நுண்ணுயிரியின் வேலை. குளிர்ந்த ஈரமான நாட்களில் இலையோரத்தில் நீரில் ஊறியது போல ஒரு கறை, அடிப்புறத்தில் வெண்பொடி. சில நாட்களில் வயலே கறுத்துவிடும், தோண்டிய கிழங்கு கையிலேயே கூழாகும். அந்த நுண்ணுயிரி மனிதரைத் தொற்றாது. ஆனாலும் அடுத்த சில ஆண்டுகளில் சுமார் 10 லட்சம் பேர் செத்தார்கள். உங்கள் நூல் இதைப் "பட்டினியால்" என்று ஒற்றைச் சொல்லில் முடித்துவிடுகிறது. பெரும்பாலோரைக் கொன்றது டைஃபஸ், விட்டுவிட்டு வரும் காய்ச்சல், சீதபேதி. வாடகை கட்ட முடியாமல் வீடிழந்தவர்கள் ஏழை விடுதிகளிலும் கப்பல்களிலும் நெருக்கியடித்துப் படுத்தார்கள். மாற்றுத்துணி இல்லை. சீலைப்பேன் ஒருவரிடமிருந்து மற்றவருக்கு ஏறியது, டைஃபஸும் கூடவே ஏறியது. (அந்த ஆண்டுகளிலும் அயர்லாந்திலிருந்து தானியம் கப்பலேறிக்கொண்டுதான் இருந்தது. அது உயிரியல் இல்லை என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.)

வைரஸ் பாடத்தை இன்ஃப்ளுயன்சாவில் தொடங்குகிறீர்கள். வைரஸ் என்ற ஒன்று இருப்பதே புகையிலை இலையால்தான் தெரியவந்தது. தேமல் நோய் கண்ட இலையின் சாற்றை, பாக்டீரியா புகமுடியாத பீங்கான் வடிகட்டியில் 1892இல் வடித்துப் பார்த்தார் ரஷ்ய விஞ்ஞானி இவனோவ்ஸ்கி. வடிந்த சாறும் நோயைப் பரப்பியது. 1898இல் நெதர்லாந்து விஞ்ஞானி பெயரிங்க், இது பாக்டீரியாவே இல்லை, வேறு வகை என்று துணிந்து சொன்னார். மனிதருக்கு வரும் மஞ்சள் காய்ச்சலுக்கு அப்படியொரு காரணம் உண்டு என்பது 1901இல்தான் தெரிந்தது.

அதே தேமல் வைரஸை, எதிர்ப்புள்ள சில புகையிலை இனங்களின் இலையில் தேய்த்தால், இரண்டு மூன்று நாளில் கடுகளவு பழுப்புப் புள்ளிகள் தோன்றும். புள்ளி என்றாலே "அறிகுறி" என்று கட்டம் கட்டிவிடுகிறீர்கள். அது செடி போடும் வேலி. செடிக்கு ரத்தம் கிடையாது, ஓடிவந்து சண்டையிடும் வெள்ளணு கிடையாது. ஒவ்வொரு செல்லும் தன்னைத்தானே காத்துக்கொள்ள வேண்டும். தொற்று ஏறிய செல்லும் அக்கம்பக்கத்துச் செல்களும் தாமாகச் செத்து, வைரஸை அந்தப் புள்ளிக்குள்ளேயே அடைத்துவிடுகின்றன. நமக்கு வரும் காய்ச்சலும் கிருமி மூட்டும் தீ அல்ல, கிருமியை எதிர்க்க உடம்பு தானே ஏற்றிக்கொள்ளும் சூடு. இந்த இரண்டையும் ஒரே பக்கத்தில் பார்க்கும் பிள்ளை அதை மறக்குமா?

இன்னொன்று இன்றைய சங்கதி. பயிர்ப் பூஞ்சைக்குத் தெளிக்கும் அசோல் மருந்துகளும், நுரையீரலில் ஆஸ்பர்ஜில்லஸ் பூஞ்சை இறங்கிய நோயாளிக்குத் தரும் அசோல் மருந்துகளும் ஒரே குடும்பம். ஆஸ்பர்ஜில்லஸ் பயிரைத் தாக்குவதற்கென்று வயலுக்கு வருவதில்லை, மக்கும் சருகில் அதுபாட்டுக்கு வாழ்கிறது. அங்கே தெளிப்பைத் தாங்கிப் பிழைத்த வகையின் வித்து காற்றில் வந்து ஒருவர் மூச்சில் புகுந்தால், மருத்துவர் கொடுக்கும் முதல் மருந்தே பலிக்காமல் போகலாம். அந்த நோயாளி வயல் பக்கமே போகாதவராக இருக்கலாம். நான் பார்த்த எந்தப் பதிப்பிலும் இது இல்லை.

அடுத்த பதிப்பில் இரண்டு பாடங்களையும் ஒன்றாக்குங்கள். கருகிய இலையும் சீலைப்பேனும் எதிரெதிர்ப் பக்கத்தில் வரட்டும். இடம் போதாதென்றால், பாகம் குறித்த அந்தக் காளான் படத்தை எடுத்துவிடலாம். தேர்வில் வரைந்ததற்கு அப்புறம் அதை யாரும் திரும்பிப் பார்த்து நான் கண்டதில்லை.

இப்படிக்கு,
ஓர் உயிரியல் ஆசிரியை