வண்டிச் சாவியை அம்மாவிடம் கொடுத்துவிட்டேன்

மந்தைவெளி, சென்னை

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே இருவரும் நலம். போன மாதம் நீ போனில் அழுதுகொண்டே, "இனிமே ஸ்கூட்டரைத் தொடாதீங்கப்பா" என்றாய். நான் ஒன்றும் சொல்லாமல் போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டேன். கோபம் என்று நினைத்திருப்பாய். கோபமே இல்லை, கண்ணு. 31 வருஷம் பிள்ளைகளுக்கு இயற்பியல் சொல்லிக்கொடுத்து, "அளந்து பார்த்துவிட்டுப் பேசு" என்று சொன்னவன் நான். என் விஷயத்தில் மட்டும் அளக்காமல் எப்படி ஒத்துக்கொள்வது?

அன்றைக்கு மார்க்கெட் பக்கம் சாயங்காலத் தூறல். வலது பக்கம் ஒரு ஆட்டோ சட்டென்று திரும்பியது. அதே நேரம் இடது பக்கம் ஒரு பையன் ரோட்டில் இறங்கினான். இரண்டையும் தெளிவாகப் பார்த்தேன். ஆனால் கை போகவில்லை. வண்டி நின்றபோது அவன் புத்தகப் பைக்கும் முன் சக்கரத்துக்கும் நடுவே ஒரு சாண்தான் இருந்தது.

மறுநாள் என் பழைய அடி ஸ்கேலைத் தேடி எடுத்தேன். அம்மா அதை மேலே பிடித்துத் திடீரென்று விடவேண்டும், கீழே விரலை விரித்து வைத்திருக்கும் நான் பிடிக்கவேண்டும். எத்தனை செ.மீ. விழுந்தது என்று பார்த்தால் நேரம் தெரிந்துவிடும். 5 செ.மீ. என்றால் 0.1 விநாடி, 20 செ.மீ. என்றால் 0.2 விநாடி. முதல் நாள் ஒருமுறை 4 செ.மீ.யிலேயே பிடித்துவிட்டேன்! அப்புறம்தான் புரிந்தது, அம்மா ஒவ்வொரு தடவையும் மூச்சை இழுத்துப் பிடித்துவிட்டுத்தான் ஸ்கேலை விடுகிறாள். நான் ஸ்கேலைப் பார்க்கவில்லை, அவள் மூச்சைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். ஓட்டப் பந்தயத்தில் துப்பாக்கிச் சத்தம் கேட்டு 0.1 விநாடி ஆவதற்குள் கிளம்பினால் தவறான தொடக்கம் என்று வெளியே அனுப்பிவிடுவார்களே, அதுவும் இதனால்தான். அவ்வளவு சீக்கிரம் மனுஷ உடம்பு சத்தத்தைக் கேட்டுக் கிளம்ப முடியாது, ஊகித்துத்தான் கிளம்பியிருக்கவேண்டும் என்று கணக்கு. அதற்குப் பிறகு அம்மா மனசுக்குள் ஒவ்வொரு தடவையும் வேறு வேறு எண் வரைக்கும் எண்ணிவிட்டு விட்டாள். பத்து தடவையின் சராசரி 24 செ.மீ., அதாவது 0.22 விநாடி. என் வயசுக்கு நல்ல எண். மனசு லேசாகிவிட்டது.

அதோடு விட்டிருக்கலாம். ஆனால் ரோட்டில் ஹாரனும் இருக்கிறதே, காதையும் பார்த்துவிடலாம் என்று தோன்றியது. கீழ் வீட்டுப் பையன் லேப்டாப்பில் ஒரு சோதனை போட்டுக் கொடுத்தான். திரையில் வெள்ளை வட்டம் வந்தால் பட்டனை அழுத்தவேண்டும், இல்லையென்றால் காதில் 'டிங்' என்றதும் அழுத்தவேண்டும். வட்டத்துக்கு 0.29 வந்தது, சத்தத்துக்கு 0.38. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இது தலைகீழாக அல்லவா இருக்கவேண்டும்! ஒளி விழித்திரையில் பட்டு, அங்கே ரசாயன மாற்றம் நடந்து, அதன் பிறகுதான் நரம்புக்குச் செய்தி போகும். காதில் அந்தத் தாமதம் இல்லை, அதிர்வு உள்காதின் மயிர்ச்செல்களை அசைத்ததுமே செய்தி கிளம்பிவிடும். அதனால்தான் இளவயதுக்காரர்களுக்குச் சத்தத்துக்கு 0.15, காட்சிக்கு 0.19 என்கிற அளவில் வரும். காது போய்விட்டதோ என்று இரண்டு நாள் சரியாகத் தூங்கவில்லை.

கடைசியில் பார்த்தால் குற்றம் என் காதில் இல்லை. நீ வாங்கிக் கொடுத்த வயரில்லாத இயர்போன் சத்தத்தைத் தாமதமாகத்தான் கொண்டுவந்து தருகிறது. வயர் வைத்த பழைய இயர்போனைச் செருகினேன், 0.24. திரையும் தன் பங்குக்குக் கொஞ்சம் நேரம் தின்னும் என்பதால், வீட்டு லேப்டாப்பில் வரும் எண்ணை அதே லேப்டாப்பில் வந்த இன்னொரு எண்ணோடு மட்டும்தான் ஒப்பிடலாம்.

சரி, கண்ணும் பரவாயில்லை, காதும் பரவாயில்லை. பிறகு ஏன் அன்றைக்குக் கை போகவில்லை? இதைத்தான் உனக்கு எழுத உட்கார்ந்தேன். அன்று எதிரே வந்தது ஒன்றல்ல, இரண்டு. அதனால் பையனிடம் சோதனையை மாற்றச் சொன்னேன். சிவப்பு வட்டம் வந்தால் இடது பட்டன், பச்சை வந்தால் வலது பட்டன். அவனுக்கு 0.35 வந்தது. எனக்கு 0.52. இருபதில் மூன்று தப்பு. இரண்டு தடவை 0.8-ஐத் தாண்டிவிட்டது. அந்த இரண்டு தடவையும் நிறம் தெரிந்தது, எந்த விரல் என்பதுதான் வரவில்லை. மார்க்கெட்டில் நடந்ததும் அதேதான்.

டோண்டர்ஸ் என்ற டச்சு மருத்துவர் 1868-லேயே இதைச் செய்திருக்கிறார். தேர்ந்தெடுக்க வேண்டிய சோதனையின் நேரத்திலிருந்து, ஒன்றுக்கு மட்டும் அசையும் சோதனையின் நேரத்தைக் கழித்தார். மீதி வருவது மனசு முடிவெடுக்கும் நேரம். எனக்கு அந்த மீதிதான் நீண்டுவிட்டது. வண்டி 40 கி.மீ. வேகத்தில் போனால் விநாடிக்கு 11 மீட்டர். 0.8 விநாடிக்கு 9 மீட்டர். நம் வீட்டு வாசலிலிருந்து கொல்லைப்புறம் வரை நான் பிரேக்கைத் தொடாமலே போயிருப்பேன்.

இதில் எனக்கு வெட்கம் ஒன்றுமில்லை. இங்கிலாந்தின் கிரீனிச் வானாய்வகத்தில் 1796-ல், தொலைநோக்கிக்குள் இருக்கும் கம்பியை நட்சத்திரம் கடக்கும் நேரத்தை, கடிகாரச் சத்தத்தைக் கேட்டபடியே குறித்துவந்த ஓர் உதவியாளரை, தலைவரைவிட ஏறக்குறைய 0.8 விநாடி பிந்திக் குறிக்கிறார் என்று வேலையை விட்டே அனுப்பிவிட்டார்கள். ஆளுக்கு ஆள் இந்த நேரம் மாறும் என்பது பின்னால்தான் புரிந்தது. அவர் சோம்பேறி இல்லை. நம் நுங்கம்பாக்கத்திலும் 1792-லிருந்து வானாய்வகம் இருந்தது. அதில் மிஞ்சி நிற்கும் கல்தூணைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த உதவியாளர் ஞாபகம்தான் வரும்.

நேற்று சாவியை அம்மாவிடம் கொடுத்துவிட்டேன். லஸ் பக்கம் நடந்தே போய்விடுவேன், தூரம் என்றால் பஸ். கீழ் வீட்டில் வண்டியைக் கேட்கிறார்கள், கொடுத்துவிடலாமா என்று சொல்.

நீயும் இரவு ஷிப்ட் முடித்துவிட்டு வண்டியில்தான் வருகிறாய். நன்றாகத் தூங்கி எழுந்த ஒரு காலையிலும், ஷிப்ட் முடிந்து வீட்டுக்கு வந்த பிறகும், அந்த இரண்டு வட்டச் சோதனையை இருபது இருபது தடவை செய்து பார். பையனிடம் சொல்லி உனக்கு அனுப்பச் சொல்கிறேன். சராசரியை மட்டும் எழுதி அனுப்பாதே. நாற்பது எண்ணும் வேண்டும், தப்பானதும் சேர்த்து.

அன்புடன்,
அப்பா