கையுறை கட்டாயம் என்ற விதியைத் திரும்பப் பெறக் கோரி

அனுப்புநர்: மாலை நேர உறுப்பினர், சாட்ஸ்வர்த், டர்பன், தென்னாப்பிரிக்கா.
பெறுநர்: உரிமையாளர் அவர்கள், உடற்பயிற்சிக் கூடம், சாட்ஸ்வர்த் கிளை.

பொருள்: எடைப் பகுதியில் கையுறையைக் கட்டாயமாக்கியது, அதை உங்களிடமே வாங்கச் சொன்னது, வாங்கிய கையுறையால் நேர்ந்தது.

ஐயா, வணக்கம்.

வரவேற்பில் தரும் புகார்ப் படிவத்தில் நாலு வரிக்குத்தான் இடம் இருக்கிறது. நான் சொல்ல வேண்டியது அதில் அடங்காது. கோயில் தமிழ் வகுப்பில் நீங்கள் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்துவதைப் பார்த்திருக்கிறேன். அதனால் தமிழிலேயே விரிவாக எழுதுகிறேன்.

ஜனவரி மாதம் எடைப் பகுதி வாசலில் ஓர் அறிவிப்பு ஒட்டினீர்கள். கையுறை போடாதவர்கள் பார்பெல், டம்பெல் எதையும் தொடக் கூடாது, கையுறை நமது கூடத்தின் முத்திரை பதித்ததாக இருக்க வேண்டும், வழுக்காமலிருக்கக் கையில் பூசும் சாக் தூளை உள்ளே கொண்டுவரக் கூடாது என்று அதில் இருந்தது. காரணமாக உறுப்பினர்களின் பாதுகாப்பும் சுகாதாரமும் என்று எழுதியிருந்தீர்கள். முத்திரை பதித்த கையுறை வரவேற்பு மேசையிலேயே 349 ரேண்டுக்கு விற்கப்படுகிறது. வெளியில் வாங்கியதைப் போட்டுக்கொண்டு வந்த இரண்டு பேரை என் கண் முன்னாலேயே திருப்பி அனுப்பினார்கள்.

கையுறை போடுகிறவர்கள் மேல் எனக்கு எந்தக் குறையும் இல்லை. என் நாத்தனார் மகள் வீணை வாசிக்கிறாள். விரல் காய்த்துத் தடித்துவிட்டால் தந்தி மேல் விரல் ஓடும் விதமே மாறிவிடும் என்று எடை தூக்கும்போதெல்லாம் கையுறை போடுகிறாள். உள்ளங்கையில் வெட்டுக்காயம் இருப்பவர்கள், புதிதாகச் சேர்ந்து தோல் இன்னும் பழகாதவர்கள், வியர்வையால் கை வழுக்கிக்கொண்டே இருப்பவர்கள் போட்டுக்கொள்ளட்டும். அவரவர் கைக்கு எது ஒத்துவரும் என்பது அவரவருக்குத்தான் தெரியும். அதை ஓர் அறிவிப்புத் தாள் தீர்மானிக்கக் கூடாது. என் புகார் முழுவதும் அதைப் பற்றித்தான்.

என் கையைப் பற்றிச் சொல்கிறேன். நான் மருத்துவமனை வார்டில் நர்ஸ். நாள் முழுக்க ரப்பர் கையுறையோடு இருந்த வேலை. சில வருடங்களுக்கு முன் மணிக்கட்டிலும் விரல் இடுக்கிலும் தோல் வெடித்துச் சிவந்து, இரவு தூங்க முடியாத அளவுக்கு அரிப்பு வந்தது. தோல் மருத்துவர் எது ஒத்துக்கொள்ளவில்லை என்று கண்டுபிடிக்க முதுகில் சோதனைப் பட்டைகள் ஒட்டி, 48 மணி நேரம் கழித்துப் பிரித்துப் பார்த்தார். பிறகு இன்னொரு நாள் வரச் சொல்லி மறுபடியும் பார்த்தார். ரப்பரைப் பதப்படுத்தச் சேர்க்கும் ரசாயனங்கள்தான் காரணம் என்று தெரிந்தது. மரப்பாலுக்கு வரும் ஒவ்வாமை வேறு, இது வேறு. நியோப்ரீன் போன்ற செயற்கை ரப்பரிலும் இந்த ரசாயனங்கள் இருக்கும். அன்றிலிருந்து வார்டில் அவை சேராத நைட்ரைல் கையுறை மட்டும்தான் போடுகிறேன். கை ஆறிவிட்டது.

மாதவிடாய் நின்ற பிறகு எலும்பு தேயாமலிருக்க எடை தூக்குங்கள் என்று டாக்டர் சொன்னதால்தான் உங்கள் கூடத்தில் சேர்ந்தேன். வெறுங்கையோடுதான் தூக்கினேன். வழுக்கினால் சாக் தூளைத் தொட்டுக்கொள்வேன். ஒரு கஷ்டமும் இருந்ததில்லை.

விதி வந்த வாரமே டாக்டர் கடிதத்தை வரவேற்பில் காட்டினேன். அங்கே இருந்த தம்பி மரியாதையாகத்தான் பேசினார், அவரைக் குறை சொல்லவில்லை. ஆனால் விதி எல்லாருக்கும் ஒன்றுதான் ஆண்ட்டி, விலக்குக் கொடுக்க எனக்கு அதிகாரம் இல்லை என்றார். கையுறை என்ன பொருளில் செய்தது என்று கேட்டேன். அட்டையில் 'காற்றோட்டமான மெத்தைப் பஞ்சு' என்று மட்டும் போட்டிருந்தது, அவருக்கும் அதற்கு மேல் தெரியவில்லை. ஆண்டுச் சந்தா ஓடிக்கொண்டிருக்கிறது, வேறு வழியில்லாமல் வாங்கினேன். மூன்றாம் நாள் மணிக்கட்டில் வெல்க்ரோ பட்டை அழுத்திய இடம் முழுக்க வளையல் போட்டதுபோல் சிவந்து, நீர் கோத்து, வெடித்தது. டாக்டர் மறுபடியும் களிம்பு எழுதிக் கொடுத்தார். வெடித்த தோலோடு நோயாளிகளைத் தொட முடியாது என்பதால் வார்டில் என்னை வேறு வேலைக்கு மாற்றினார்கள். உங்கள் அறிவிப்பில் இருக்கும் சுகாதாரம் என்ற சொல்லைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இதுதான் ஞாபகம் வருகிறது.

எனக்குத் தோல் பிரச்சினை, மற்றவர்களுக்கு இல்லையே என்று நீங்கள் கேட்கலாம். அடுத்து நான் சொல்வது எல்லாருக்கும் பொருந்தும்.

உங்கள் கூடத்தில் இருப்பவை எல்லாம் ஒலிம்பிக் பளுதூக்குதலில் ஆண்கள் போட்டிக்கான 20 கிலோ பார்பெல்கள். பிடி 28 மில்லிமீட்டர் கனம். அதே பளுதூக்குதலில் பெண்கள் போட்டியில் பயன்படும் பார்பெல் 15 கிலோதான், பிடியும் 25 மில்லிமீட்டர். அந்த மூன்று மில்லிமீட்டர் பெண்களின் கை அளவுக்காகவே குறைக்கப்பட்டது. நீங்கள் விற்ற கையுறையின் உள்ளங்கை மெத்தையை அடிக்கோல் வைத்து அளந்தேன், நாலு மில்லிமீட்டர் இருக்கிறது. கம்பியை இரண்டு பக்கமும் அது சுற்றிக்கொண்டால் என் கைக்குக் கிடைப்பது 36 மில்லிமீட்டர் கனத்தில் ஓர் உருளை. கம்பி தடிக்கத் தடிக்கப் பிடி தளரும் என்பது பயிற்சி செய்கிறவர்கள் எல்லாருக்கும் தெரியும். பிடி வலுவாக வேண்டும் என்று வேண்டுமென்றே தடித்த கம்பியில் பயிற்சி செய்கிறவர்கள்கூட அதில் எடையைக் குறைத்துக்கொள்வார்கள். என் கட்டைவிரல் நுனி முன்பு ஆள்காட்டி விரலின் மேல் ஏறிப் பூட்டிக்கொள்ளும். கையுறையோடு அது நகம் அளவுக்கு எட்டாமல் நிற்கிறது.

தரையிலிருந்து கம்பியை இடுப்பு வரை தூக்கும் டெட்லிஃப்ட் செய்யும்போது என்ன நடக்கிறது என்று பாருங்கள். கம்பி உள்ளங்கை நடுவில் இருக்கக் கூடாது, விரல்களின் அடிமடிப்பில் இருக்க வேண்டும். எடை இழுக்கும்போது அது தானாகவே அங்கேதான் இறங்கி நிற்கும். முதலிலேயே அங்கே வைத்துப் பிடித்தால் தோல் மடிந்து நசுங்காது, காய்ப்பும் பெரிதாக வராது. உங்கள் கையுறையில் சரியாக அந்த மடிப்பின் குறுக்கே ஒரு தையல் ஓடுகிறது. மெத்தை அந்தத் தையலில் சுருண்டு, கம்பிக்கும் விரலுக்கும் நடுவில் திரி மாதிரி திரள்கிறது. கம்பியில் உள்ள சொரசொரப்பு தோலைக் கவ்வுவதற்காகச் செதுக்கப்பட்டது. கையுறை போட்டால் அது துணியைத்தான் கவ்வும், துணிக்குள்ளே கை வழுக்கும். தைப்பூசம் முடிந்தும் தணியாத இந்தப் புழுக்கத்தில் ஐந்து நிமிடத்திலேயே கையுறைக்குள் வியர்வை தேங்கிவிடுகிறது.

அப்படித்தான் ஒரு நாள் 60 கிலோ முழங்கால் வரை வந்த பிறகு வலது கையில் கம்பி உருண்டு விரல் நுனிக்கு ஓடியது. இடது கையால் மட்டும் தாங்க முடியவில்லை. கம்பி சாய்ந்து கீழே விழுந்தது, தட்டு என் காலை உரசிக்கொண்டு போனது. அதே எடையை டிசம்பரில் வெறுங்கையோடு தடுமாறாமல் தூக்கிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் யாராவது குனிந்து தட்டு மாட்டிக்கொண்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

டெட்லிஃப்டில் கீழேதான் விழும். மல்லாந்து படுத்துத் தூக்கும் பெஞ்ச் பிரஸ்ஸில் கம்பி மார்புக்கும் கழுத்துக்கும் மேலே இருக்கும். அங்கே கட்டைவிரல் கம்பியைச் சுற்றி வளைந்திருப்பதுதான் உயிர்க்காப்பு. தடித்த மெத்தையால் அந்தப் பூட்டைத் தளர்த்திவிட்டு அதற்குப் பாதுகாப்பு என்று பெயர் வைத்திருக்கிறீர்கள்.

சர்வதேச பவர்லிஃப்டிங் கூட்டமைப்பின் போட்டிகளில் கையுறையோடு தூக்க விடமாட்டார்கள். கட்டைவிரலில் பிளாஸ்டர் சுற்றிக்கொள்ளலாம், கையில் சாக் தூள் பூசிக்கொள்ளலாம். அந்தத் தூள் மக்னீசியம் கார்பனேட், வியர்வையை உறிஞ்சிக் கையைக் காய வைப்பது. இந்த விளையாட்டு வியர்வைக்குக் கண்ட வழி அதுதான். அதைத் தடுத்துவிட்டு, வியர்வையை உள்ளே தேக்கிவைக்கும் பொருளைக் கட்டாயமாக்கியிருக்கிறீர்கள். தூள் தரையெல்லாம் கொட்டுகிறது என்பதுதான் கவலை என்றால், திரவமாக வரும் சாக் இருக்கிறது. கையில் தடவினால் காய்ந்து ஒட்டிக்கொள்ளும், தரையில் அவ்வளவாக உதிராது. அதையாவது அனுமதித்திருக்கலாம்.

உண்மையிலேயே பாதுகாப்புதான் நோக்கம் என்றால் செய்ய வேண்டியவை கண் முன்னாலேயே இருக்கின்றன. பார்பெல் முனையில் தட்டு நழுவாமல் மாட்டும் கிளிப்புகளில் பாதியைக் காணவில்லை. மீதியில் ஸ்பிரிங் தளர்ந்து, மாட்டினாலும் நிற்பதில்லை. ஜன்னல் ஓர ரேக்கில் கம்பியைத் தாங்க வேண்டிய குறுக்குக் கம்பிகளில் ஒன்று வளைந்திருக்கிறது. அந்த ரேக்கில் இளம் பையன்கள் தனியாக, கம்பியைத் தோளில் வைத்து உட்கார்ந்து எழும் ஸ்குவாட் செய்வதைப் பார்க்கும்போது எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. கிளிப்பைப் பற்றி நவம்பரிலேயே படிவத்தில் எழுதிக் கொடுத்தேன். பதில் இல்லை. இரண்டு மாதம் கழித்து வந்தது கையுறை.

சுகாதாரத்துக்கும் அப்படித்தான். கம்பியைத் துடைக்கக் கிருமிநாசினியும் துணியும் ரேக்குக்கு ஒன்று வைத்தால் போதும், கை கழுவும் இடத்தில் சோப்பு தீராமல் இருந்தால் போதும். வெறுங்கையைக் கழுவிவிடலாம். வியர்வையில் ஊறிய கையுறையைப் பைக்குள் சுருட்டி, மறுநாள் ஈரத்தோடு எடுத்து மாட்டுகிறோமே, அதை யார் துவைக்கிறார்கள்? உங்கள் அட்டையிலேயே துவைக்கக் கூடாது என்று போட்டிருக்கிறது. தொற்று எப்படிப் பரவும் என்பது என் தொழில் ஐயா, அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

பெண்கள் உடைமாற்றும் அறையில் ஒட்டியிருக்கும் விளம்பரத்தையும் எடுத்துவிடுங்கள். 'பெண்மைக்கு மென்மையான கைகள்' என்று போட்டிருக்கிறது. என் அம்மா காய்கறித் தோட்டத்தில் மண்வெட்டி பிடித்தவர், விடியுமுன்னே அதிகாலைச் சந்தைக்கு மூட்டை சுமந்தவர். நம் சாட்ஸ்வர்த்தில் பாதி வீடுகள் அப்படிப்பட்ட கைகளால் எழுந்தவை, உங்கள் வீட்டுப் பெரியவர்களும் அதில் அடக்கம்தான் என்று நினைக்கிறேன். காய்ப்பு நோய் அல்ல. உராய்வுக்குத் தோல் தன்னைத்தானே கெட்டிப்படுத்திக்கொள்வது. மேடாக வளர்ந்தால்தான் கம்பியில் சிக்கிக் கிழியும். குளித்த பிறகு தோல் ஊறியிருக்கும்போது நுரைக்கல்லால் லேசாகத் தேய்த்துச் சமப்படுத்திக்கொண்டால் ஒன்றும் ஆகாது. பெண்களிடம் கையுறை விற்க அவர்கள் கையைப் பற்றி வெட்கப்பட வைக்க வேண்டியதில்லை.

இனி சட்டம். 2008ஆம் ஆண்டின் 68ஆம் எண் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 13ஆம் பிரிவு, ஒரு சேவையைத் தருவதற்கு நிபந்தனையாக இன்னொரு பொருளைத் தன்னிடமே வாங்கச் சொல்வதைத் தடுக்கிறது. அப்படிச் சேர்த்து விற்பதில் வாடிக்கையாளருக்குப் பொருளாதார நன்மை இருப்பதாகவோ, அவருடைய தேர்வு குறைவதைவிட வசதி பெரிது என்றோ விற்பவர் காட்ட முடிந்தாலோ, இரண்டையும் தனித்தனியாகத் தனி விலைக்கு விற்றாலோதான் விலக்கு. வெளியில் வாங்கிய கையுறையைக்கூட ஏற்க மறுக்கும்போது எனக்கு என்ன வசதி, என்ன நன்மை என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும். 55ஆம் பிரிவின்படி விற்கும் பொருள் அதன் வேலைக்கு ஏற்றதாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் 56ஆம் பிரிவின்படி ஆறு மாதத்துக்குள் திருப்பிக் கொடுத்து, பழுது பார்ப்பதா, மாற்றுவதா, பணமா என்பதை வாங்கியவர் தேர்ந்தெடுக்கலாம். எனக்குப் பணம் வேண்டும்.

அதோடு நான் கேட்பவை இவை. கையுறையை அவரவர் விருப்பத்துக்கு விடுங்கள், போட விரும்புகிறவர்கள் எந்தக் கடையிலிருந்தும் வாங்கி வரட்டும். திரவச் சாக்கை அனுமதியுங்கள். கிளிப்புகளை மாற்றுங்கள், வளைந்த குறுக்குக் கம்பியை இந்த வாரமே கழற்றுங்கள், அதற்கு என் கடிதத்துக்குப் பதில் எழுதும்வரைகூடக் காத்திருக்க வேண்டாம். முடிந்தால் 15 கிலோ பார்பெல் ஒன்று வாங்குங்கள். மாலையில் வரும் பெண்கள் இப்போது நிறையப் பேர், ஒருவர்கூட அதைச் சும்மா கிடக்க விடமாட்டார்கள். நீங்கள் விற்கும் கையுறையின் அட்டையில் அது என்ன பொருளில் செய்தது என்று அச்சிட வையுங்கள். என்னைப் போல் ஒவ்வாமை உள்ளவர்கள் வாங்குமுன் வாசிக்க அதுதான் ஒரே வழி.

உங்கள் கூடத்தை விட்டுப் போக எனக்கு ஆசையில்லை. வீட்டுக்குப் பக்கம், வேலை முடிந்து வருவதற்குத் தோதான நேரம், பயிற்சியாளர் தம்பி சொல்லிக் கொடுக்கும் விதம் எல்லாமே பிடித்துத்தான் இருக்கிறேன். ஆனால் இந்த மாத இறுதிக்குள் எழுத்தில் பதில் வராவிட்டால், 14ஆம் பிரிவின்படி இருபது வேலை நாள் அறிவிப்புக் கொடுத்துச் சந்தாவை முடித்துக்கொள்வேன், தேசிய நுகர்வோர் ஆணையத்திடமும் புகார் கொடுப்பேன்.

கையுறையையும் ரசீதையும் டாக்டர் கடிதத்தின் நகலையும் இதோடு வைத்திருக்கிறேன். சந்தா பிடித்தம் ஆகும் அதே வங்கிக் கணக்கில் 349 ரேண்டையும் போட்டுவிடுங்கள்.

இப்படிக்கு,
மாலை நேர உறுப்பினர்
(பெயரும் உறுப்பினர் எண்ணும் உறையின் மேல் உள்ளன)