‘சொந்தக் காரணம்’னு எழுத வச்சது யாரு?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மதுரையில ஒரு தனியார் மெட்ரிக் ஸ்கூல்ல முன்னாடி வேலை பாத்த டீச்சர்ஸ் சில பேரு, எங்கள சாதி பாத்து நடத்துனாங்க, அதனாலதான் வெளிய வந்தோம்னு சொல்லியிருந்தாங்க. அதுக்கு அந்த நிர்வாகம் குடுத்த விளக்கத்த உங்க பேப்பர்ல படிச்சேன். படிச்சிட்டு அடுப்புல வச்ச பால மறந்துட்டு நின்னுட்டேன், அது பொங்கி ஸ்டவ் எல்லாம் வழிஞ்சு போச்சு.

நான் அந்த ஸ்கூல்ல வேலை பாத்தது இல்ல. அங்க என்ன நடந்துச்சுன்னு எனக்குத் தெரியாது, அதனால யாரு சொல்றது நெசம்னு நான் தீர்ப்பு சொல்ல வரல. ஆனா அந்த விளக்கத்துல ரெண்டு விஷயம் இருக்கு. எழுத்துல எந்தப் புகாரும் வரல, இது ஒண்ணு. போனவங்க எல்லாரும் சொந்தக் காரணம்னு கைப்பட எழுதிக் குடுத்துட்டுத்தான் போனாங்க, கடிதம் எங்க ஃபைல்ல இருக்கு, இது இன்னொண்ணு. இந்தக் கடிதத்த நானும் எழுதியிருக்கேன் சார், வேற ஒரு ஸ்கூல்ல, அதனாலதான் இத எழுதுறேன்.

எட்டு வருஷம் மேத்ஸ் எடுத்தேன். இன்டர்வியூ அன்னைக்கே சொந்த ஊரு எதுன்னாங்க, மேலூர்னேன், மேலூர்ல எந்தப் பக்கம்னாங்க, ஊரு பேரச் சொன்னேன், ஊருக்குள்ள எந்தத் தெருன்னாங்க, கடைசில குலதெய்வம் எதுங்கிறது வரைக்கும் கேட்டாச்சு, அல்ஜீப்ராவுல ஒரு கேள்வி கூடக் கேக்கல. சரி, விசாரிக்கிறாக போலன்னு நெனச்சுக்கிட்டேன், வேலை கெடச்ச சந்தோஷம் வேற.

திட்டுனாங்க, கேவலமா பேசுனாங்கன்னு சொன்னா பொய். அப்படி யாரும் பேசல. ஒரு விஷயம் மட்டும் சொல்றேன். வருஷா வருஷம் கிரவுண்டுல சமத்துவப் பொங்கல் வைப்பாங்க, பெரிய ஃபிளெக்ஸ் எல்லாம் கட்டி. லேடீஸ் ஸ்டாஃப் எல்லாரும் ஒரே கலர் சேலை, ஆளுக்கு ஒரு கைப்பிடி அரிசி அள்ளிப் போட்டு கரண்டியால ஒரு கிண்டு கிண்டிட்டு போட்டோ எடுப்போம். எடுப்போம்னு சொல்றேன், ஆனா நான் எடுத்தது இல்ல. மொத வருஷம் "மிஸ் நீங்க நல்லா கோலம் போடுவீங்களாமே, அதப் பாருங்க"ன்னாங்க. எனக்குக் கோலம் சுமாராத்தான் வரும். ரெண்டாவது வருஷம் வேன் வர்ற பசங்கள வரிசையா நிறுத்துங்கன்னாங்க. மூணாவது வருஷம் நானே பானைகிட்ட போனேன், கரண்டி எனக்கு ரெண்டு ஆளு முன்னாடி இருந்துச்சு, கரெக்டா அப்ப வைஸ் பிரின்சிபால் மேடம் "பொங்கல் ரெடி, போதும் போதும், எறக்குங்க"ன்னுட்டாங்க. அரிசி பாதி வெந்திருக்கல. எறக்குன பானைய நான் அந்தப் பக்கம் போனதும் திருப்பி அடுப்புல ஏத்துனத ஆயாம்மாதான் பொறகு சொல்லுச்சு. அதே வாரம் பேச்சுப்போட்டிக்கு என்னைய ஜட்ஜா போட்டிருந்தாங்க, ஏழாங்கிளாஸ் பொண்ணு ஒண்ணு தாழ்த்தப்பட்டவங்கன்னு கோயிலுக்குள்ள விடாம வச்சிருந்த காலத்துல, 1939 ஜூலை 8-ந்தேதி வைத்தியநாத ஐயர் கூட்டிட்டுப் போயி நம்ம தும்பைப்பட்டி கக்கன் மீனாட்சியம்மன் கோயிலுக்குள்ள நுழைஞ்சத மூச்சுவிடாம பேசுச்சு. அதுக்குத்தான் மொதப் பரிசு குடுத்தேன்.

இத எழுத்துல எப்படி சார் புகாரா குடுக்குறது? கரண்டி என் கைக்கு வரலன்னா? பொம்பளைங்ககிட்ட தப்பா நடந்தா விசாரிக்க 2013 சட்டப்படி பத்து பேரோ அதுக்கு மேலயோ வேலை பாக்குற எடத்துல உள்ளயே ஒரு கமிட்டி இருக்கணும். சாதிக்கு 1989-ல வந்த வன்கொடுமைச் சட்டம் இருக்கு, ஆனா அதுக்குப் போலீஸ் ஸ்டேஷன் போகணும், கரண்டிக்கு யாரு ஸ்டேஷன் படி ஏறுவா? 2023-ல நாங்குநேரியில பட்டியல் சாதிப் பையன கூடப் படிச்ச பசங்களே சாதி பாத்து வெட்டுன கொடுமைக்குப் பொறகு, ஸ்கூல்ல சாதிய ஒழிக்க என்ன செய்யலாம்னு பாக்க நீதிபதி சந்துரு கமிட்டி போட்டாங்க, அடுத்த வருஷம் ஜூன்ல அறிக்கையும் வந்துச்சு. பசங்க சாதிய காட்ட கையில கட்டுற கலர் கயித்தப் பத்திதான் ஊரு பூரா பேசுனாங்க. ஸ்டாஃப் ரூமப் பத்தி டிவியில ஒருத்தரும் பேசி நான் பாக்கல.

எட்டாவது வருஷம் பத்தாங்கிளாஸ எங்கிட்ட இருந்து எடுத்து புதுசா வந்தவங்களுக்குக் குடுத்தாங்க. என் ரிசல்ட்ல குறை சொல்ல முடியாது, கேட்டேன், பதில் இல்ல. நின்னுக்கிறேன்னு சொன்னேன். ஆபீஸ்ல வெள்ளைப் பேப்பர் குடுத்தாங்க. நான் உள்ளது உள்ளபடி எழுத ஆரம்பிச்சேன், கிளார்க் எட்டிப் பாத்துட்டு, "மிஸ், இப்படி எழுதுனா ஃபைல் மேல போகாது, உங்க ஒரிஜினல்ஸ் வர லேட்டாகும்"னாரு. என் டிகிரி, பி.எட்., எல்லாம் சேர்ந்த அன்னைக்கே வாங்கி பீரோவுல வச்சிருந்தாங்க. ஜூன்ல அடுத்த ஸ்கூல்ல காட்டணும். அவரு இங்கிலீஷ்ல சொல்லச் சொல்ல, டியூ டு மை பர்சனல் ரீசன்ஸ்னு நானே என் கைப்பட எழுதுனேன். கெட்ட மனுஷன் இல்ல அவரு, பாவம் அவருக்கும் மாசம் ஒம்பதாயிரம்தான்.

வேலைய விட்டுப் போறப்ப மொத்தமா குடுக்க வேண்டிய பணிக்கொடைன்னு (கிராஜுவிட்டி) ஒண்ணு இருக்குன்னே அப்ப தெரியாது. டீச்சர்ஸுக்கு அது உண்டுன்னு 2009-லயே சட்டத்தத் திருத்தி 1997 ஏப்ரல்ல இருந்து கணக்குன்னு சொல்லிட்டாங்க, தனியார் ஸ்கூல்காரங்க கோர்ட்டுக்குப் போயி 2022 ஆகஸ்ட்ல சுப்ரீம் கோர்ட்டும் அது செல்லும்னு சொல்லிடுச்சு. என் கடைசிச் சம்பளம் 14,500, அத 26-ஆல வகுத்தா ஒரு நாள் சம்பளம், வருஷத்துக்கு 15 நாள்னு அத 15-ஆல பெருக்கி எட்டு வருஷத்துக்குப் போட்டா 66,923 ரூபா வருது. மேத்ஸ் டீச்சரு நானே இத ரெண்டு வருஷம் கழிச்சுத்தான் போட்டுப் பாத்தேன். கேக்கப் போனா அதே கடிதத்த எடுத்துக் காட்டுனாங்க, நீங்களாத்தானே போனீங்கன்னு. நாமளா நின்னாலும் அஞ்சு வருஷம் முடிச்சிருந்தா உண்டு, இதையும் சொல்லிப் பாத்தேன். பாப்போம்னாங்க. இப்ப தொழிலாளர் துறையில மனு குடுத்திருக்கேன்.

இன்னொண்ணையும் சொல்லிடுறேன். எனக்கு மூணு வருஷம் முன்னாடி அதே ஸ்கூல்ல இருந்து நின்ன சயின்ஸ் டீச்சர மாட்டுத்தாவணியில பாத்தேன், அவங்களும் எங்க பக்கத்துக்காரங்கதான். அவங்க போன்ல அவங்க கடிதத்தோட போட்டோ இருந்துச்சு. வார்த்தைக்கு வார்த்தை என் கடிதம். ரிலீவ்ங்கிற வார்த்தையில ஐ, ஈ ரெண்டையும் மாத்திப் போட்ட ஸ்பெல்லிங் மிஸ்டேக் கூட அப்படியே இருந்துச்சு. தப்புன்னு தெரிஞ்சேதான் நானும் எழுதுனேன், அவரு அப்படித்தான் ஒவ்வொரு எழுத்தா சொன்னாரு.

அதனால இந்த ஸ்கூல் விஷயத்த விசாரிக்க எந்த ஆபீசர் வந்தாலும் நிர்வாகம் காட்டுற கடிதங்கள ஒண்ணு ஒண்ணா வாங்கிப் படிச்சிட்டுத் திருப்பிக் குடுத்துடாம, எல்லாத்தையும் மேசையில பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாக்கணும்னு உங்க பேப்பர் மூலமா கேட்டுக்கிறேன்.

இப்படிக்கு,
முன்னாள் கணித ஆசிரியை ஒருவர்,
மேலூர்.
(பேரு போட வேண்டாம் சார், இப்ப இருக்கிற ஸ்கூல்லயும் ஒரிஜினல்ஸ் பீரோவுலதான் இருக்கு.)