உன் பெயரிலும் ஒரு அறை

அல்சூர், பெங்களூரு
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள சின்னு,

நீ விட்டுப்போன பழைய லேப்டாப்பை எடைக்குப் போட அம்மா இரண்டு தடவை எடுத்து வைத்தாள். இரண்டு தடவையும் நான் மீட்டுவிட்டேன். எஸ்.பி. ரோட்டில் ஒரு சார்ஜர் வாங்கி, உபுண்டு 22.04 என்ற ஆபரேட்டிங் சிஸ்டத்தை ஏற்றி, இப்போது டிவிக்குப் பின்னால் வீட்டாரின் பக்கங்களைக் காட்டும் வெப் சர்வராக ஓடுகிறது. கரண்ட் போனால் அதன் பேட்டரியே கொஞ்ச நேரம் தாங்குகிறது, தனி யூபிஎஸ் தேவையில்லை.

அதில் அத்தை தன் கோலங்களைப் படமெடுத்துப் போடுகிறாள். அம்மா, பாட்டி சொன்ன வடாம் அளவுகளை எழுதுகிறாள். எல்லாவற்றையும் ஒரே ஃபோல்டரில் கொட்டினால் யார் எதை அழித்தார்கள் என்று தினம் பஞ்சாயத்துதான். அதனால் ஆளுக்கு ஒரு லாகின். அவரவர் ஹோம் டைரக்டரிக்குள் (ஒவ்வொருவரின் ஃபைல்களும் இருக்கும் சொந்த ஃபோல்டர்) பப்ளிக் எச்டிஎம்எல் என்று ஒரு ஃபோல்டர், இரண்டு சொல்லுக்கும் நடுவே அடிக்கோடு. 'ஏ2என்மாட் யூசர்டிர்' என்று அடித்து அபாச்சியை (பக்கங்களை அனுப்பும் சர்வர் மென்பொருள்) ரீஸ்டார்ட் செய்தால், முகவரியில் டில்டே (~) போட்டுப் பெயரை எழுதினதும் அவரவர் பக்கம் திறக்கும். டில்டே எதற்கு என்று அத்தை கேட்டாள். 1970களில் வந்த ஏடிஎம்-3ஏ (ADM-3A) என்ற கம்ப்யூட்டர் டெர்மினலில் ஹோம் என்ற சொல்லும் அந்த நெளிக்கோடும் ஒரே சாவியில் இருந்தன, அதனால் யூனிக்ஸ் என்ற பழைய ஆபரேட்டிங் சிஸ்டத்தில் அது வீட்டுக்கு அடையாளமாகிவிட்டது என்றேன். "வாசலில் போடும் நெளிக்கோலம் மாதிரி" என்றாள். நீ சிரிப்பாய் என்று தெரியும்.

ஆனால் பக்கம் உடனே திறக்கவில்லை. ஒரு சாயங்காலம் முழுக்க 403, 'ஃபர்பிடன்', அதாவது அனுமதி இல்லை என்ற பதில்தான். ஃபோல்டருக்கு யாரும் படிக்கலாம் என்ற 755 அனுமதி எண்ணைக் கொடுத்தாயிற்று, யாரும் மாற்றவும் செய்யலாம் என்ற 777 கூடக் கொடுத்துப் பார்த்தேன் (திட்டாதே, உடனே மாற்றிவிட்டேன்). கடைசியில் அபாச்சி பிழைகளைக் குறித்துவைக்கும் எர்ரர் லாகைத் திறந்தேன். முதலிலேயே திறந்திருக்க வேண்டும். போகும் வழியில் ஏதோ ஒரு டைரக்டரியைக் கடக்க அனுமதி இல்லை என்று தெளிவாக எழுதியிருந்தது. ஃபோல்டரில் குறை இல்லை, அதற்கு மேலே இருக்கும் ஹோமில்தான் குறை. உபுண்டு 21.04 முதல் புது ஹோம் டைரக்டரிகளை 750 என்று, வெளியாட்கள் நுழைய முடியாதபடி பூட்டியே உருவாக்குகிறார்கள்.

நீ பிறப்பதற்கு முன் நாங்கள் இருந்த வட்டாராவைப் பற்றி அத்தை சொல்லியிருப்பாள். ஒரே வாசல், நீளமான நடை, இரண்டு பக்கமும் குடித்தனங்கள். நடையில் யாரும் போகலாம் வரலாம், அடுத்த வீட்டுப் பரணில் என்ன இருக்கிறது என்று எட்டிப் பார்க்கக் கூடாது. ஹோமுக்கு 711 கொடுப்பதும் அப்படித்தான். மற்றவர்கள் கடந்து போகலாம், உள்ளே என்னென்ன ஃபைல் என்ற பட்டியலைப் பார்க்க முடியாது. ஒரு ஓட்டை உண்டு: லாகின் உள்ள வேறு யாருக்காவது ஃபைலின் சரியான பெயர் தெரிந்து, அதற்குப் படிக்கும் அனுமதியும் இருந்தால் திறந்துவிடலாம். சொந்த ஃபைல்களுக்கு, நீ மட்டும் படிக்கவும் எழுதவும் முடியும்படி 600 போட்டுவிடு.

பிஎச்பி (சர்வரிலேயே ஓடிப் பக்கத்தைத் தயாரிக்கும் நிரல் மொழி) அங்கே ஓடாது. யூசர் ஃபோல்டர்களில் அதை ஓடவிடாமல்தான் தருகிறார்கள், நானும் மாற்றவில்லை. ஓடாத பிஎச்பி ஃபைலை பிரவுசர் அப்படியே இறக்கிக் கொடுத்துவிடும், உள்ளே பாஸ்வேர்ட் எழுதியிருந்தால் அதுவும் சேர்ந்து வரும். சாதாரண எச்டிஎம்எல் போதும்.

இதெல்லாம் சர்வர் கதை. எழுத உட்கார்ந்தது வேறு விஷயத்துக்கு.

காலேஜ் நாட்களில் வீட்டுக் கம்ப்யூட்டரில் உன் ஃபோல்டரை நான் திறந்து படித்தது, அதற்கு நீ மூன்று வாரம் பேசாமல் இருந்தது, இரண்டும் எனக்கு மறக்கவில்லை. இந்த மெஷினிலும் ரூட், அதாவது எல்லா அதிகாரமும் உள்ள ஆள், நான்தான். 711, 600 எல்லாம் மற்றவர்களைத்தான் தடுக்கும். கட்டளையை 'சுடோ' என்று தொடங்கினால் எந்த அறையும் எனக்குத் திறக்கும். திறக்க மாட்டேன் என்று சத்தியம் செய்யலாம், ஆனால் அதை நம்பித்தான் ஆகவேண்டும் என்ற நிலையில் உன்னை வைக்க எனக்கு விருப்பமில்லை. ஆகவே வெளியே தெரியலாம் என்று நீ நினைப்பதை மட்டும் அங்கே வை. மற்றதெல்லாம் இப்போது உன்னிடம் இருக்கும் லேப்டாப்பிலேயே இருக்கட்டும்.

சர்வரை இணையத்துக்குத் திறக்கவில்லை, வீட்டு வைஃபைக்குள் மட்டும்தான். அங்கிருந்து பார்க்க வேண்டுமானால் வயர்கார்டு (வெளியிலிருந்து வீட்டு நெட்வொர்க்குக்குள் பாதுகாப்பாக வரும் வழி) வைக்கலாம் என்று படித்தேன். அடுத்த தடவை வரும்போது நீயே வைத்துக் கொடு.

உன் லாகினும் தயார். முதல் முறை நுழைந்ததுமே பாஸ்வேர்டை மாற்றச் சொல்லும்படி வைத்திருக்கிறேன். இப்போதைக்கு உன் பக்கத்தைத் திறந்தால் மேலே உன் பெயர், கீழே ஒன்றுமில்லாத ஒரு பட்டியல். அத்தை வாரத்துக்கு ஒரு தடவை திறந்து பார்த்துவிட்டு, "இன்னும் குடிவரலையா?" என்கிறாள்.

அன்புடன்,
அப்பா